சவுனாக் கல்லும் சுற்றாத விசிறியும்

கிவிலாம்பி,
மேல் மிச்சிகன்.
பிப்ரவரி 4, திங்கட்கிழமை.

கிவிலாம்பி மீன்பிடிச் சங்கத்தின் தலைவரும், ஐலியின் கூடப்பிறந்த அண்ணனும், குளிர் வந்தால் வாத்துகளுக்கு முன்னால் தெற்கே கிளம்பிவிடுபவருமான மதிப்பிற்குரிய மச்சான் உர்ஹோ அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் ரெய்னோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஐலியும் மூக்கு, காது, விரல்கள் உட்பட இன்று காலைவரை முழுசாக இருக்கிறோம். அங்கே அரிசோனாவில் தாங்களும் ஹெல்வி அக்காவும் அரைக்கைச் சட்டையோடு சௌக்கியமாக இருப்பது தாங்கள் அனுப்பிய படத்திலிருந்து தெரிந்தது. கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் அரைக்கால் சட்டையில் தாங்கள் நிற்கும் அந்தப் படத்தை ஐலி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் தங்கள் முழங்காலைத் தரிசித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நம் சங்கத்தார் என் காரின் இன்ஜினைக் கழற்றி, எண்ணெயையெல்லாம் வடித்துவிட்டு, அதை ஏரி நடுவில் ஐஸ் மேல் நிறுத்தப் போகிறார்கள். அப்புறம் ஐஸ் உருகி அது எந்த நாள், எத்தனை மணிக்கு முழுகும் என்று ஊரே சீட்டு எழுதிப் போடப் போகிறது. சங்கம் உங்களுடையது, போட்டி உங்களுடையது, தலைவர் நீங்கள். காரியதரிசி லெம்பிக்கு ஒரு போன் போட்டு, ‘ரெய்னோ வண்டியை விட்டுவிடு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என் கார் பிழைத்துவிடும். நானே உங்களுக்குப் போன் செய்திருக்கலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கிறிஸ்துமஸ் அன்று பன்னிரண்டு நிமிஷம் பேசினோம். அதில் நீங்கள் நாலு ‘ம்’, நான் மூன்று ‘ம்’, மிச்சமெல்லாம் மூச்சு. நம் ஃபின்லாந்து ஜனத்துக்கு வாயைத் திறப்பதைவிடப் பேனாவைத் திறப்பது சுலபம் என்பதால் எழுதுகிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐலி உங்களுக்கு வேறு மாதிரி எழுதுவாள். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் கூட்டுறவுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது என் காரின் ஹீட்டர் விசிறி நின்றுவிட்டது. ஹீட்டர் கெடவில்லை, விசிறிதான் நின்றது. இதை அடிக்கோடிட்டுப் படிக்கவும். ஐலி ஊர் முழுக்க ‘ஹீட்டர் போச்சு, ஹீட்டர் போச்சு’ என்று சொல்லி வண்டியின் மானத்தை வாங்கிவிட்டாள். இன்ஜினிலிருந்து சூடு வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தச் சூட்டை ஊதி ஆள் மேலும் கண்ணாடி மேலும் தள்ளுகிற விசிறிதான் சுற்றவில்லை. சமையல் ஆகிவிட்டது, பரிமாறத்தான் ஆளில்லை, அவ்வளவுதான் விஷயம். அந்த விசிறி மூன்று நாலு வருஷமாகவே கத்திக்கொண்டுதான் சுற்றும். நாலாம் எண்ணில் திருகிவிட்டால் மரம் அறுக்கிற மில்லுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் ஐலி பேசுவாள். வீட்டில் அவளும் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன், கடிகாரம் மட்டும் பேசும். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அவளுக்கு எங்கிருந்துதான் வருமோ, ஆரம்பித்துவிடுவாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு அவள் நிறுத்துகிற இடத்தில் ஒரு ‘ம்’ போடுவேன். இருபத்திரண்டு வருஷம் ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் இப்படியே ஓடியது. அன்றைக்குப் பாலத்தைத் தாண்டும்போது விசிறி டக்கென்று நின்றது. காருக்குள் அப்படி ஓர் அமைதி. அந்த அமைதியில் ஐலி சொல்லிக்கொண்டிருந்ததன் பின்பாதி என் காதில் விழுந்தது.

“…அதனால வியாழக்கிழமை நீ கறுப்பு கால்சட்ட போட்டுக்க.”

“எதுக்கு?”

“பாட்டுக்குழு ஒத்திகைக்கு.”

“எந்தப் பாட்டுக்குழு? யாரு பாடறா?”

“நீதான். சேர்றேன்னு சொன்னியே.”

“நான் எப்ப சொன்னேன்?”

“நவம்பர்ல. இதே பாலத்துக்கிட்ட. ‘ம்’னு சொன்ன.”

மச்சான், எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. போன வசந்தத்தில் எங்கள் சமையலறை ஏன் முட்டைமஞ்சள் நிறமாக மாறியது என்பது விளங்கியது. பெயின்ட் அடிக்கிறவர்கள் வீடு மாறி வந்துவிட்டார்கள் என்றும், ஐலி மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றும் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் நாற்காலியில் இரண்டு வருஷமாக யாருடைய பூனை உட்கார்ந்திருக்கிறது என்பதும் விளங்கியது. “இன்னும் எதுக்கெல்லாம் ‘ம்’ சொல்லி வச்சிருக்கேன்?” என்று கேட்டேன். “குளுருது ரெய்னோ, பல்லு ஆடுது. அப்புறம் சொல்றேன்” என்று சொல்லிக் கம்பளித் துண்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு. அன்றைக்கே உட்காரவைத்து முழுப் பட்டியலையும் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே வந்திருக்காது. என் புத்தி அப்படி.

மறுநாள் காலையிலேயே வேலையில் இறங்கினேன். முதலில் ஃப்யூஸ். எந்த ஃப்யூஸ் எதற்கு என்று மூடியில் ஒட்டியிருந்த தாளில் எப்போதோ காபி கொட்டி எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்ததால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஹார்ன் போயிற்று, திரும்ப வந்தது. ரேடியோ போயிற்று, வரவில்லை, இன்றுவரை வரவில்லை. விசிறியின் ஃப்யூஸ் பதினோராவதாகக் கிடைத்தது, கல்யாணப் பெண்போலப் பளபளவென்று இருந்தது. அடுத்து விசிறியைத் தேடினேன். அதை வைத்தவன் எங்கே வைத்திருக்கிறான் தெரியுமா, பக்கத்து இருக்கைக்கு முன்னால், டாஷ்போர்டுக்கு அடியில், மனிதத் தலை போகாத இடத்தில் வைத்திருக்கிறான். தலையைக் கீழே விட்டு, காலை இருக்கை முதுகில் தூக்கிப் போட்டு, தொப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வெய்க்கோ வந்து சேர்ந்தான். கொட்டகையில் மெக்கானிக் வேலை பார்ப்பவன் என்ற திமிர் அவனுக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். கையில் கறி அடைத்த பாஸ்டி ரொட்டி வேறு, தின்றுகொண்டே குனிந்து பார்த்தான். மாவுத் துகள் என் கண்ணில் விழுந்தது.

“யோவ் ரெய்னோ, அங்க என்னய்யா தேடுற?”

“காத்து.”

“நாலு நம்பர்லயும் சுத்தலயா?”

“சுத்தினா நான் ஏன்யா இப்படித் தொங்கறேன்?”

“அப்ப மோட்டார் போச்சு.”

“மோட்டாரெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“பார்த்துட்டியா?”

“பார்த்தாத்தான் தெரியணுமா?”

அவன் ஒரு ‘ம்’ போட்டுவிட்டுப் போய்விட்டான். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் துளைபோட்ட ஐஸில் என்னைக் கேட்காமல் தூண்டில் போட்டு, பன்னிரண்டு பவுண்டு மீனைப் பிடித்துக்கொண்டு போனவன் அவன். அவன் வாயால் வந்துவிட்டதாலேயே கோளாறு மோட்டாரில் இருக்கக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். மோட்டாருக்குப் போகிற வயரில் சின்ன பல்ப் ஒன்றை வைத்துப் பார்த்தேன், எரிந்தது. கரண்ட் வருகிறது, விசிறி சுற்றவில்லை. விவரம் தெரிந்தவன் அந்த இடத்திலேயே மோட்டார்தான் என்று ஒத்துக்கொண்டிருப்பான். நான் ஸ்விட்சை மாற்றினேன். ஸ்விட்சுக்குப் பின்னால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் தகடு ஒன்று இருக்கிறது, அதையும் மாற்றினேன். கடைசியில் விசிறியையே வெளியே இழுத்தேன். இழுத்துப் பார்த்தால் கூண்டுபோல இருக்கிற அந்தச் சக்கரத்துக்குள் ஒரு எலிக் குடும்பம் வீடு கட்டி வைத்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன ஐலியின் சிவப்புக் கையுறையில் பாதி மெத்தை, சூரியகாந்தி விதை மூன்று பிடி, தேவாலயத்துப் பாட்டுத்தாள் ஒரு முக்கால் பக்கம். ‘கண்டுபிடிச்சுட்டேன்!’ என்று அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி மேஜை மேல் வைத்தேன். ஐலி அப்போது ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதப்போவதில்லை.

எலி வீட்டைக் காலி செய்து விசிறியைத் திரும்ப மாட்டினேன், சுற்றவில்லை. ஆத்திரத்தில் ஸ்பானரின் பிடியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், சுற்றியது! ஒன்றரை மைல் சுற்றிவிட்டு நின்றது. திரும்பத் தட்டினேன், திரும்பச் சுற்றியது. ஆக, வழி கிடைத்துவிட்டது மச்சான். நான் ஓட்டுவது, ஒன்றரை மைலுக்கு ஒருதரம் நான் ‘உதை’ என்றதும் ஐலி டாஷ்போர்டுக்கு அடியில் பூட்ஸ் காலால் ஓர் உதை விடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு வாரம் பிரமாதமாக ஓடியது. இரண்டாம் வாரம் நான் சொல்லாமலே உதைக்க ஆரம்பித்தாள். சில உதைகள் விசிறிக்காக விழுந்தவையாக எனக்குப் படவில்லை. ஜனவரி கடைசியில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவள் விட்ட ஓர் உதையில் விசிறியின் மூடி உடைந்து விழுந்து, மோட்டார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதற்குப் பிறகு நான் தட்டியும் சுற்றவில்லை, கெஞ்சியும் சுற்றவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது ஐலி சொன்னாள்: “ரெய்னோ, இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன். சனிக்கிழமை திருவிழாவுக்கு லெம்பி கூடப் போயிக்கிறேன்.”

லெம்பியின் புது வண்டியில்! ஊரே ஏரிக்கரையில் கூடுகிற நடுக்குளிர்காலத் திருவிழாவுக்கு, நான் பின்னால் தனியாகப் போய் இறங்குவதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “சனிக்கிழம உன்ன வேர்க்க வேர்க்கக் கூட்டிட்டுப் போறேன், பாரு” என்று சவால் விட்டேன். சொன்னபடி செய்யவும் செய்தேன். சனிக்கிழமை விடியும்போதே சவுனா அடுப்பை மூட்டினேன். காலையில் சவுனாவா என்று ஐலி கேட்டாள், நான் இன்னும் இரண்டு விறகைத் திணித்தேன். ஒன்பதரைக்கு இரண்டு பேரும் உள்ளே போய், காய்ந்த கல் மேல் தண்ணீரை ஊற்றி ஊற்றி, எழும்புகிற ஆவியில் முக்கால் மணி நேரம் வெந்தோம். உடம்பில் ஏறின சூடு அரைமணி நிற்கும், ஏரிக்குப் பதினெட்டு நிமிஷம்தான், கணக்குச் சரியாக வந்தது. அது போதாதென்று இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தேன். சவுனா அடுப்பின் மேல் செக்கச்செவேலென்று காய்ந்திருந்த கற்களில் பதினைந்தை இடுக்கியால் எடுத்துச் சாம்பல் வாளியில் போட்டு, அந்த வாளியைக் காரில் ஐலியின் காலடியில் பலகை மேல் வைத்தேன். மச்சான், விசிறியாவது ஒன்றாவது! ஊர்க்கோடிவரை கார் அடுப்படிபோல இருந்தது. ஐலி கம்பளித் துண்டைக் கழற்றினாள். தொப்பியைக் கழற்றினாள். “பரவால்ல ரெய்னோ, நல்லாத்தான் இருக்கு” என்றுகூடச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் காரைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது, அதைக் காது குளிரக் கேட்டேன்.

அங்கேதான் நம் ரத்தம் வேலையைக் காட்டிவிட்டது. எட்டு மைல் போனதும் கற்களின் சூடு கொஞ்சம் இறங்கியது. ஐலி வாளியைக் குனிந்து பார்த்தாள். அவள் கையில் காபிக் குவளை இருந்தது. நம் வீட்டில் பிறந்தவர்களுக்குக் காய்ந்த கல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா, நீங்களே சொல்லுங்க. யோசிக்கவே இல்லை, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டிக் குவளைக் காபியை அப்படியே கல் மேல் வீசினாள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று எழும்பியது பாருங்க ஆவி, வண்டி முழுக்க நல்ல கமகமவென்று காபி வாசனை. அதற்காவது அவள் மேல் பழி போடலாம். ஆனால் அதற்கு அடுத்து நடந்ததற்கு யார் மேல் போடுவது? கண்ணை மூடிக்கொண்டு, முதுகைப் பின்னால் சாய்த்து, அறுபத்தைந்து வருஷப் பழக்கத்தில் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “இன்னும் ஒண்ணு ஊத்து.” அவளும் ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஊற்றிவிட்டாள்.

கண்ணைத் திறந்தால் முன்கண்ணாடி இல்லை. அதாவது கண்ணாடி இருக்கிறது, அதன் உள்பக்கம் முழுக்கக் காபி ஆவி பழுப்பு நிறத்தில் உறைந்து போய், சுவரைப் பார்த்து ஓட்டுவதுபோல ஆகிவிட்டது. விசிறி ஓடியிருந்தால் ஊதி உருக்கியிருக்கும். ஐலி தன் நூலக அட்டையால் ஒருபக்கம் சுரண்டினாள், சுரண்டச் சுரண்ட நாங்கள் விடுகிற மூச்சே திரும்ப உறைந்தது. “மூச்சு விடாத ரெய்னோ!” என்று கத்தினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். சவுனாவில் நனைந்த முடி ஒரே நிமிஷத்தில் கொம்புபோல நின்றுவிட்டது, இமையோடு இமை ஒட்டிக்கொண்டது. அந்த நிலையில் நான் தேவாலயத் திருப்பம் என்று நினைத்துத் திருப்பியது படகுத்துறைச் சரிவு. பிரேக்கை மிதித்தேன். மிதித்து என்ன செய்ய? ஐஸ் மேல் ஏறியபிறகு வண்டி அதன் இஷ்டத்துக்கு ஒரு முழுச் சுற்றும் ஓர் அரைச் சுற்றும் சுற்றிக்கொண்டு, மீன்பிடிக் குடிசைகளுக்கு நடுவே அலங்காரமாகப் போய், சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்த ஒரு சதுரத்துக்குள் முனை பிசகாமல் நின்றது. கதவைத் திறந்தோம். முதலில் ஆவி இறங்கியது, பின்னால் நாங்கள் இரண்டு பேரும் அவித்த நண்டுபோலச் சிவந்து போய் இறங்கினோம். நம் ஊர்க்காரர்கள் கைதட்டி நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா மச்சான்? இருநூறு பேர் தட்டினார்கள். கையுறையோடு தட்டியதால் பொத்பொத்தென்று கேட்டது.

லெம்பி விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தாள். “வாங்க ரெய்னோ, வாங்க! பத்தேமுக்காலுன்னா பத்தேமுக்காலுக்கு டாண்ணு வந்துட்டீங்க! அதுவும் புகையெல்லாம் போட்டுக்கிட்டு!”

“நான் எதுக்கு வந்தேன் லெம்பி?”

“இதென்ன கேள்வி? வண்டி குடுக்கத்தான்.”

நான் ஐலியைப் பார்த்தேன். ஐலி ஏரியைப் பார்த்தாள்.

“அக்டோபர்ல,” என்றாள். “ஆப்பிள் வாங்கிட்டுத் திரும்பி வர்றப்ப கேட்டேன். வண்டிக்கு வயசாயிடுச்சு, பேசாம சங்கத்துக்குக் குடுத்துடலாமான்னு.”

“நான் ‘ம்’ சொன்னேனா?”

“ரெண்டு தடவ.”

அதற்குள் வெய்க்கோ என் கையைப் பிடித்துக் குலுக்கி, “பெரிய மனசுய்யா உனக்கு” என்று கண் கலங்கிவிட்டான். சங்கம் முழுகவிடுகிற பன்னிரண்டாவது வண்டி என்று ஒருத்தன் கதவில் எண் எழுதினான். உள்ளூர்ப் பத்திரிகைக்காரப் பெண் என்னை வண்டிமேல் சாயச் சொல்லிப் படம் எடுத்தாள், நான் சாய்ந்தேன். லெம்பி சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். ‘இது தெரியாமல் நடந்தது, நான் வழி தவறி வந்தவன்’ என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் நம் ஜனத்தில் எவன் கூட்டத்துக்கு நடுவே வாயைத் திறந்து ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறான்? கரடி காலைக் கவ்வினால்கூட ‘பரவால்ல, இருக்கட்டும்’ என்று சொல்கிற ஆட்கள் நாம். ஒரு ‘ம்’ போட்டுவிட்டுக் கஞ்சி வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

இரும்புக்காக நான் அழவில்லை மச்சான். தரையில் ஓட்டை இருக்கிறது, பின்கதவு வெளியே இருந்து மட்டும்தான் திறக்கும், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் சனிக்கிழமையிலிருந்து வீடு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஐலி லெம்பியின் வண்டியில் போகிறாள், வருகிறாள், கோட்டை மாட்டுகிறாள், சமைக்கிறாள். ஒரு பேச்சு இல்லை. நேற்றுப் போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, “இத்தன வருஷமா வண்டியில என்னென்ன சொன்ன, இப்பச் சொல்லு, காது குடுத்துக் கேக்கறேன்” என்று கேட்டேன். நாற்பத்தாறு வருஷத்தில் நான் அவளிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இங்கயா? சமையக்கட்டுலயா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் எனக்கென்று பேசுகிற ஒரே இடம் அந்த முன் இருக்கை. அதை ஏரியில் மூழ்கடித்துவிட்டு நான் அவளோடு எங்கே போய் உட்காருவேன்? கேட்காமலே காலத்தை ஓட்டிவிட்டேன், அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ளவாவது ஒரு வண்டி வேண்டாமா? ஆகையால் தயவு செய்து, வெள்ளிக்கிழமைக்குள் லெம்பிக்குப் போன் போடுங்கள்.

தங்கள் முழங்கால்கள் வெயிலில் வாடாமல் இருக்கவும், தாங்கள் அடிக்கும் கால்ஃப் பந்தெல்லாம் குழியில் விழவும், அக்காவின் இடுப்பு வலி அந்த ஊர் மணலிலேயே தங்கிவிடவும் ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சத்தமாகச் சொல்லவும். அங்கே ஆரஞ்சு விலை மலிவு என்றால் கொண்டு வரவும், மலிவு இல்லை என்றாலும் கொண்டு வரவும்.

இப்படிக்கு,
வண்டியைப் பறிகொடுத்து நிற்கும்
தங்கை வீட்டுக்காரன்,
ரெய்னோ.

பின்குறிப்பு (சனிக்கிழமை மாலை): இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமையே தபாலில் போட்டுவிட்டதாக நினைத்து உங்கள் போனுக்காக நாலு நாள் காத்திருந்து உங்களை நிறையத் திட்டிவிட்டேன். இன்றைக்குத்தான் கோட்டுப் பையில் கிடைத்தது. திட்டியதற்கு மன்னிக்கவும், மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும்.

நடந்தது என்னவென்றால், வியாழக்கிழமை ஐலி லெம்பியின் வண்டியிலிருந்து இறங்கி வந்து நேரே என் எதிரே நின்றாள். “அந்த வண்டியில உக்கார்ற சீட்டே சுடுதுய்யா, அடைகாக்கற மாதிரி உக்காந்திருக்கேன். ஒரு சத்தம் கிடையாது. அதனால லெம்பி வழியெல்லாம் பேசறா, நான் வாயே திறக்க முடியல. போ, நம்ம வண்டியக் கொண்டா” என்றாள். “நான் காது குடுத்துக் கேக்கறேன்னு சொன்னேனே” என்றேன். “கேக்க வேணாம். வண்டிய ஓட்டிக்கிட்டு ‘ம்’ சொல்லு, அது போதும்” என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் அவளே போய் லெம்பியிடம் சாவியை வாங்கி வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வெய்க்கோ ஏரிக்கரைக்கு வந்து மோட்டாரைப் பிரித்தான். உள்ளே கரண்ட்டைக் கடத்துகிற கார்பன் துண்டு தேய்ந்து காகிதம்போல ஆகியிருந்தது. ஆமாம், மோட்டார்தான். அவன் பாஸ்டியை ஒரு கடி கடித்துக்கொண்டான். புது மோட்டார் வர மூன்று வாரம் ஆகுமாம். அப்போது ஐலிதான் சொன்னாள், அண்ணன் கொட்டகையில் இதே வருஷத்து, இதே மாடல் வண்டி சக்கரத்தைக் கழற்றி, கட்டை மேல் சும்மாதானே நிற்கிறது என்று. உங்கள் வண்டியின் மோட்டார் எங்கள் வண்டியில் நன்றாகப் பொருந்திவிட்டது, கத்தவும் கத்துகிறது, ரொம்ப நன்றி. ஆனால் சீட்டெல்லாம் விற்றாகிவிட்டது, சனிக்கிழமை பத்து மணிக்கு ஐஸ் மேல் ஏதாவது ஒரு கார் நின்றே ஆக வேண்டும் என்று லெம்பி கறாராகச் சொல்லிவிட்டாள். பதினோரு வருஷமாக ஊரார் வண்டியாகவே மூழ்கடிக்கிறோமே, தலைவர் வண்டி ஒருதரம்கூட இறங்கவில்லையே என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். யார் என்று எழுதினால் அவள் கோபித்துக்கொள்வாள். இன்று காலை உங்கள் வண்டிக்குச் சக்கரத்தை மாட்டி, இன்ஜினை இறக்கி, ரிப்பன் கட்டி, ஜோராக நிறுத்தியாகிவிட்டது. பின்னால் கிடந்த கால்ஃப் மட்டைகளை எடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் பெயரில் ஏப்ரல் பதினேழு, பிற்பகல் மூன்று மணி என்று ஒரு சீட்டும் போட்டிருக்கிறேன். அவசரப்பட்டுக் கிளம்பி வர வேண்டாம் மச்சான், இந்த வருஷம் ஐஸ் நல்ல கெட்டி.